நாற்பத்தொன்பதா, ஐம்பத்திரண்டா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வணக்கம். நாம் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் மகளுக்கு நான் சித்தி. அவளுக்குப் பத்து வயதாகும்போது இந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது அவளுக்குப் பதினேழு.

நீங்கள் பயிற்சி கொடுக்கும் கிளப்பின் முகவரியைத் தேடி எடுத்து எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நம்மில் ஒருவர் குரலை உயர்த்துவார், இன்னொருவர் வைத்துவிடுவார். காகிதம் என்றால் கோபத்தில் கிழித்துப் போட்டாலும் மறுபடி ஒட்டிப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். ஒரு வருடமாக அவள் தோழியின் பழைய ரேஸ் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டுகிறாள். ஜூனில் கிளப்புகள் ஆள் எடுக்கும் தேர்வுப் பந்தயம் நடக்கிறது, பள்ளி விளையாட்டு ஆசிரியர் இவள் பெயரையும் கொடுத்திருக்கிறார். சைக்கிள் என்ற சொல்லே இந்த வீட்டில் ஆகாது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் போன வாரம்தான் அவர், "சரி, வாங்கித் தொலை" என்றார்.

எங்கள் ஊரில் ரேஸ் சைக்கிள் விற்கும் கடை கிடையாது. பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஏறி ஓட்டிப் பார்க்க வழியில்லை, பெட்டியைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். அவள் உயரத்துக்கு 49, 52 என்று இரண்டு சைஸ் காட்டுகிறது. கடைக்குப் போன் செய்தேன். "ரெண்டுமே நல்லா வரும் மேடம்" என்றான் ஒரு பையன். ரெண்டுமே நல்லா வரும் என்றால் எதற்கப்பா ரெண்டு சைஸ் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

எனக்கு சைக்கிளில் பெடல் எது பிரேக் எது என்பதோடு சரி. உங்களுக்குத்தான் தெரியும். எது வாங்கட்டும்?

நான் எழுதுவது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனை வரவேற்பறை முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். அதற்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய சித்தி


பிப்ரவரி 15

வணக்கம்.

முதலில் ஒன்று. என்னை அக்கா என்று எழுதாதீர்கள். நீங்கள் எனக்குத் தங்கை ஆனது எந்த வழியில் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்பது வருடமாக அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு வரி வந்ததில்லை. நான் அனுப்பிய பிறந்தநாள் பார்சல்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. அவளுக்கு அம்மை வந்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது முதல் கடிதம் வருகிறது, அதில் சைக்கிள் சைஸ் கேட்கிறீர்கள். உங்கள் தைரியத்தை மெச்ச வேண்டும்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தப்பான சைஸில் உட்கார்ந்து முதுகும் முழங்காலும் போன பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

உயரத்தை வைத்து சைக்கிள் வாங்குவது முகத்தைப் பார்த்துச் செருப்பு வாங்குவது மாதிரி. வேண்டியது காலின் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். கூச்சப்பட்டு லேசாக வைத்தால் அளவு பொய்யாகிவிடும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். பிறகு தோளிலிருந்து மடக்கிய கைப்பிடி வரைக்கும். பிறகு தொண்டைக்குழியிலிருந்து அந்தப் புத்தகம் வரைக்கும்.

இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சின்னதை எடுக்க வேண்டும் என்று என் பெண்களுக்குச் சொல்வேன். சின்ன ஃபிரேமில் சீட்டை ஏற்றலாம், ஹேண்டிலை முன்னே தள்ளலாம். பெரிய ஃபிரேமை யாராலும் குறுக்க முடியாது.

அவள் அந்த இரவல் சைக்கிளில் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். முதுகு எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும்.

அவளைப் பெற்றவள்


பிப்ரவரி 24

வணக்கம்.

அக்கா என்று எழுதவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாததால் மொட்டையாக ஆரம்பிக்கிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போன நேரத்தில் அளந்தோம். அவளுடைய வேதியியல் புத்தகம்தான் கெட்டியாக இருந்தது. "என்ன சித்தி இது, கடையில என் ஜாதகமும் கேட்பாங்களா?" என்று சிரித்தாள். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். இன்டர்நெட்டில் பார்த்தேன் என்றேன்.

உயரம் 164. கால் 74. கை 59. தொண்டைக்குழியிலிருந்து புத்தகம் வரை 61. நான் கூச்சப்படவில்லை, அவளும் கூச்சப்படவில்லை. அம்மை வந்தபோது அவளைப் பதினைந்து நாள் வேப்பிலையால் விசிறியவளிடம் அவளுக்கு என்ன கூச்சம்?

போட்டோ மட்டும் கேட்காதீர்கள். அவளுக்குத் தெரியாமல் அளவை அனுப்புகிறேன், அது அவள் நன்மைக்கு என்று என் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். போட்டோ அப்படியல்ல. நான் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள். உங்கள் பெயர் வந்தாலே எழுந்து போய்விடுகிற பெண் அவள். நான் சொல்லிக்கொடுத்து அப்படி ஆகவில்லை. நான் வரும்போதே அப்படித்தான் இருந்தாள்.

எது வாங்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

சித்தி


மார்ச் 5

உங்கள் அளவு தப்பு.

74 இருக்க முடியாது. பதினேழு வயதில் எனக்கு 79. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கால்தான் நீளம், என் அண்ணனைக் கொக்கு என்றே கூப்பிடுவார்கள். அவள் பிறந்த அன்று நர்ஸ் தூக்கிக் காட்டியபோதே சொன்னாள், "கால் பாருங்க, ஓட்டக்காரி கால்" என்று. நடக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கால்களின் பின்னால்தான் நான் நாள் முழுக்க ஓடினேன். ஏழு வயதில் என் இடுப்பைத் தாண்டி வளர்ந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு 74 என்கிறீர்கள்.

புத்தகத்தை அழுத்தியிருக்க மாட்டீர்கள். அல்லது டேப் வளைந்திருக்கும். 78க்குக் குறையாது. மறுபடி அளந்து பாருங்கள், அளக்காவிட்டாலும் பரவாயில்லை. 52 வாங்குங்கள்.

அப்புறம், அம்மையில் நீங்கள் விசிறியதை எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். விசிற நான் வந்திருப்பேன். தெரு முனை வரைக்கும் வந்தேன். "உள்ள வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்" என்று சொன்னவர் யார் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

அவளைப் பெற்றவள்


மார்ச் 14

வணக்கம்.

கேட்டேன். ஆமாம், சொன்னேன் என்றார். எனக்குத் தெரியாது. அது தப்பு என்று அவரிடமே சொன்னேன். அதோடு நான் உங்களுக்கு எழுதுவதும் வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "சைஸ் மட்டும் கேட்டுக்கோ, வேற எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றார். அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு சீசன் மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம். அடுத்த சீசனும் வெளியூர் அணிக்கே கையெழுத்துப் போட்டீர்களாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் வருவீர்கள் என்று அந்தப் பெண் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாளாம். யார் கதை சரி என்று நான் நீதிபதி நாற்காலியில் உட்காரப் போவதில்லை.

மறுபடி அளந்தேன். இந்த முறை தச்சர் வைத்திருப்பாரே, அந்த இரும்பு டேப்பால். 74. சந்தேகத்துக்கு அவளையே அளக்கச் சொன்னேன். 74.

அவளுக்குக் கால் நீளமில்லை. உடம்புதான் நீளம். அவள் அப்பா வீட்டில் எல்லோரும் அப்படி. அவர்கள் உட்கார்ந்திருந்தால் பெரிய ஆட்களாகத் தெரிவார்கள், எழுந்து நின்றால் "எழுந்திரிச்சாச்சா இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். ஏழு வயதில் கால் நீளமாகத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு உடம்பு வளர்ந்துவிட்டது. வளர்ந்ததை நான் பார்த்தேன். வருடா வருடம் சீருடைக்குச் சட்டைதான் நீளம் போதாமல் போகும், பாவாடை போதும்.

நடுவில் மாட்டினால் சின்னதை எடு என்று நீங்களே எழுதினீர்கள். இப்போது 52 என்கிறீர்கள். கோபமில்லாமல் ஒருமுறை யோசித்துச் சொல்லுங்கள்.

சித்தி


மார்ச் 22

யோசிக்க எதுவும் இல்லை. 52.

இருபது வருடம் சைக்கிள் மேலும் சைக்கிள் பக்கத்திலும் இருந்தவள் சொல்கிறேன். வரவேற்பறையில் டோக்கன் கொடுப்பவர் சொல்வதுதான் சரி என்றால் என்னை ஏன் கேட்டீர்கள்? என்னிடம் கேட்டேன் என்று ஒரு புண்ணியக் கணக்கு வேண்டும், அதற்காகவா? என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர்கள். அவள் காலாவது என் கால் என்று இருக்கட்டும் என்றால் அதற்கும் இரும்பு டேப்போடு வருகிறீர்கள்.

ஜூன் தேர்வுக்கு என் கிளப் பெண்களும் வருகிறார்கள், நானும் வருவேன். பயப்படாதீர்கள். பேச மாட்டேன். தூரத்தில் நின்று பார்ப்பேன். அதற்கு உங்கள் வீட்டுக்காரரின் அனுமதி எனக்குத் தேவையில்லை.

அவளைப் பெற்றவள்


ஏப்ரல் 30

வணக்கம்.

சைக்கிள் வந்துவிட்டது. பூட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். முதுகு வலி, கை மரத்துப் போவது எதுவும் இல்லை என்கிறாள். தேர்வு ஜூன் 14, காலையில்.

நீங்கள் வருவதை நான் தடுக்க முடியாது. பேச மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன்.

உதவிக்கு நன்றி.

சித்தி


ஜூன் 17

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விடிவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட்டேன். என் பெண்களுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, பந்தயம் தொடங்கும் கோட்டின் பக்கம் போய் நின்றேன். அறுபது பெண்களுக்கு மேல் இருக்கும். எல்லோரும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நான் முகத்தைத் தேடவில்லை. சைக்கிளைத் தேடினேன். எட்டிப் பார்த்தாலே எனக்கு ஃபிரேம் அளவு தெரியும். ஒவ்வொரு 52ஆகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் உடையில் ஒரு பெண், நல்ல நீளக் கால். இவள்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவள் தலையைத் திருப்பும் விதம்கூட என் அம்மாவைப் போலவே இருப்பதாகத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. சொன்ன சொல்லுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றேன்.

பிறகு எங்கள் கூடாரத்துக்குத் திரும்பினேன். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எண் 41. "மேடம், கொஞ்சம் காத்து பார்க்கணும். பம்ப் இருக்கா?" என்றாள். பார்த்தேன். இரண்டு டயரிலும் காற்று சரியாகத்தான் இருந்தது. "காத்தெல்லாம் சரியா இருக்கும்மா. உனக்குத்தான் படபடப்பு" என்றேன். அவள் நகரவில்லை. "கொஞ்சம் ஏறிக் காட்டட்டுமா? சீட் சரியா இருக்கான்னு சொல்றீங்களா?" என்றாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறி உட்கார்ந்தாள்.

49. உடம்பு நீளமான பெண், ஹேண்டிலை ஒரு விரல் அளவு முன்னே தள்ளிப் பூட்டியிருந்தது. முழங்கால் மடங்குவது, முதுகு சாய்வது, எல்லாமே பாடப்புத்தகத்தில் போடலாம் என்பது மாதிரி இருந்தது. அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு பொருத்தமாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே. இந்த சைஸை யாரு பார்த்துக் கொடுத்தது?"

"எங்கம்மா."

"அம்மா சைக்கிள் ஓட்டுவாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு சைக்கிளே தெரியாது. என்னை அளந்து பார்த்தாங்க."

கெட்டிக்கார அம்மா என்றேன். தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு என் குறிப்பேட்டில் 41 என்று எழுதி, நம் கிளப்புக்குக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்தேன்.

பந்தயம் முழுக்க மஞ்சள் உடைக்காரிக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் பாதியிலேயே பின்தங்கிவிட்டாள். முடிவில் மேடையில் எண்ணோடு பெயரையும் வாசித்தார்கள். மூன்றாவது இடம், எண் 41. நான் வைத்த பெயரை வாசித்தார்கள்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடவில்லை. என் கை அவள் முதுகில் இருந்தது, அப்போதும் ஆடவில்லை.

49 வாங்கினேன் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி. அந்தக் கூட்டத்தில் நான் 52ஆகத் தேடி அலைவேன் என்று தெரிந்துதானே எழுதாமல் விட்டீர்கள்? சைக்கிள் வந்துவிட்டது, நன்றி என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு எண்ணை எழுதத் தெரியாமல் போய்விட்டதா?

இதற்கு மேல் கெஞ்ச எனக்கு வராது. இருந்தாலும் கேட்கிறேன். மூன்று கிளப்புகள் அவளை அழைக்கும். எங்கள் கிளப்புக்கு வரச் சொல்லுங்கள். அம்மா என்று வேண்டாம். கோச் என்று மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன்.

கெட்டிக்கார அம்மா என்று 49க்கு நான் கொடுத்த அந்தச் சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 26

வணக்கம்.

எண்ணை எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். நீங்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. 52 வாங்கவில்லை என்று எழுதினால் இன்னொரு கடிதம் வரும், அதில் இன்னும் நாலு வார்த்தை வரும். டோக்கன் கொடுப்பவர் என்று எழுதினீர்கள். அதை மூன்று நாள் மருத்துவமனையில் மேஜைக்கு அடியில் வைத்து வைத்துப் படித்தேன். போதும் என்றிருந்தது. கோச்சாக நீங்கள் எழுதிய கடிதத்தின்படி வாங்கினேன். அம்மாவாக எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் கூட்டத்தில் 52ஆகத் தேடுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெற்றவள் முகத்தைத் தேடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கிளப் விஷயத்தை அவளிடம் கேட்டேன். அதற்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கடிதங்களைப் பற்றி, வேதியியல் புத்தகத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"தெரியும் சித்தி, கூடாரத்துல இருந்தது அவங்கதான்னு" என்றாள்.

உங்கள் கிளப் கூடாரத்தில் பெயர்ப் பலகை இருந்ததாம். நீங்கள் பழைய போட்டோவில் இருப்பது போலவேதான் இருக்கிறீர்களாம், முடி மட்டும் நரைத்திருக்கிறதாம். காற்று அவள் அப்பா விடியற்காலையிலேயே அடித்துவிட்டார். பம்ப் கேட்டது, ஏறிக் காட்டியது எல்லாம் உங்கள் பக்கத்தில் வரத்தான். கண்ணாடியைக் கழற்றி ஹெல்மெட்டுக்கு மேலே வைத்துக்கொண்டேதான் உங்கள் முன்னால் நின்றாளாம்.

"எதுக்குடி போனே? நேராப் பேசியிருக்கலாமே" என்றேன்.

"பார்க்கணும்னு தோணுச்சு. அவங்களுக்குத் தெரியுதான்னு. அவங்க சைக்கிளைத்தான் பார்த்தாங்க."

உங்கள் கிளப்புக்கு வர மாட்டாள். வேறு கிளப்புக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள். நான் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. வருத்தமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. எங்கம்மா என்று அவள் சொன்னதை. ஏழு வருடத்தில் அவள் என்னை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூட இல்லை. அந்த வார்த்தையை நான் முதலில் பார்த்தது உங்கள் கையெழுத்தில்தான். படித்ததும் வரவேற்பறையை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். வந்து மறுபடி படித்தபோதுதான் புரிந்தது, அது எனக்குக் கொடுத்தது அல்ல, உங்கள் மேல் எறிந்தது. உங்களுக்கு வலிக்கட்டும் என்பதற்காக என் இடத்தை ஒரு நிமிடம் இரவல் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஆகவே அந்தச் சான்றிதழை நானும் வைத்துக்கொள்ளவில்லை.

இனி எழுதுவதானால் அவளுக்கே எழுதுங்கள். வீட்டு முகவரிக்கு. திருப்பி அனுப்ப மாட்டோம், அதற்கு நான் பொறுப்பு. படிப்பாளா என்று எனக்குத் தெரியாது. இன்று காலை அவள் கிளம்பும்போது, உனக்குக் கடிதம் வந்தால் என்ன செய்ய என்று வாசலில் வைத்துக் கேட்டேன். சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஹெல்மெட் வாரை மாட்டினாள்.

"மேசையில வைங்க சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.